வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிவு: யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் சட்ட உதவிகள் பற்றிய மதிப்பீடு

விபத்து வழக்குக்குச் சட்டத்தரணி ஒருவரைத் தேடிப் போகும்போது, அவர் கேட்கும் முதல் நான்கைந்து கேள்விகளைக் கவனியுங்கள். வாகன இலக்கம் என்ன, பொலிசில் என்ட்ரி போட்டாச்சா, எவ்வளவு செலவு என்பதோடு பைலை வாங்கி வைத்துவிட்டால், அவர் கை கால் முறிவு வழக்குகளுக்குப் பழக்கப்பட்டவர். "எந்த மட்டத்தில் முறிவு? சலம் தானாகப் போகிறதா? மலம் போவது தெரிகிறதா? கதிரையில் எவ்வளவு நேரம் இருக்க ஏலும்?" என்று கேட்பவரிடம் ஆறுதலாக இருந்து கதைக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்துக்குத் திறந்திருக்கும் சட்ட உதவி வழிகளை இங்கே மதிப்பிடும்போது இதையே முதல் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

ஏன் இந்தக் கேள்விகள் என்பதற்கு எலும்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். விபத்தில் அதிகம் முறிவது மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சந்திக்கும் துண்டு, அதாவது டி 11 (மார்புப் பகுதியின் 11ஆம் எலும்பு) முதல் எல் 2 (இடுப்புப் பகுதியின் 2ஆம் எலும்பு) வரை. மேலே விலாவெலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கும் அசையாத பகுதி, கீழே வளைந்து நிமிரும் பகுதி. இரண்டும் பொருந்தும் இடத்தில் விசை போய் முடிகிறது. பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருப்பவர் வேகத்தடையில் தூக்கியெறியப்பட்டுத் திரும்ப ஆசனத்தில் விழுந்தாலே எல் 1 எலும்பின் முன்பக்கம் ஆப்பு வடிவில் நசுங்கலாம். மோட்டார் சைக்கிளில் இருந்து எறியப்பட்டு விழுந்தால் எலும்பு நாலா பக்கமும் சிதறி, ஒரு துண்டு பின்னால் நரம்புக் குழாய்க்குள் தள்ளப்படும். இதைத்தான் வைத்தியசாலை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டில் 'பர்ஸ்ட் ஃப்ராக்சர்' என்று எழுதுவார்கள். மடிக்கு மேலால் மட்டும் போகும் ஆசனப் பட்டியோடு இருந்தவருக்கு எலும்பு குறுக்காகப் பிளக்கும். கூடவே குடலும் கிழிந்திருக்கலாம்.

முள்ளந்தண்டு வடம் எல் 1, எல் 2 அளவில் முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்புக் கற்றைதான். ஆகவே ஒரே எல் 1 முறிவில் ஒருவர் மூன்று மாதம் பிரேஸ் (முதுகைத் தாங்கும் கட்டு) கட்டி எழும்பி வேலைக்குப் போவார். இன்னொருவருக்குக் கால் இரண்டும் வேலை செய்யும், ஆனால் சலம் கட்டிக்கொள்ளும், பிட்டப் பகுதி மரத்திருக்கும், தாம்பத்தியம் பாதிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டாம் நபர் நீதிமன்றப் படியேறி நடந்து வந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "நடக்கிறார்தானே" என்பதை மட்டுமே பிடித்துக்கொள்வார். சலத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படும் சட்டத்தரணியிடம் இந்த வழக்கைக் கொடுத்தால், உண்மையான பாதிப்பில் பாதி எழுத்திலேயே வராது. சொல்ல வெட்கப்படும் நோயாளிக்கும் அதே கதிதான். மனைவியோ தாயோ பக்கத்தில் இருக்கும்போது சொல்ல மாட்டார்கள். அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்பவர்தான் இந்த வேலை தெரிந்தவர்.

சட்டத்தரணியிடம் போவதற்கு முன்பே வழக்கின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது. அது எழுதப்படும் இடங்கள் மூன்று: வீதி, பொலிஸ், வாட்டு.

வீதியில், விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் மடித்து ஏற்றுவதுதான் நடக்கக் கூடாத காரியம். உறுதியில்லாத முறிவு அந்த ஒரு தூக்கலில் நழுவி வடத்தை நசுக்கும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. கட்டணம் இல்லை, பயிற்சி பெற்றவர் கூட வருவார், கழுத்துப் பட்டியும் பலகையும் இருக்கும். அம்புலன்ஸ் வரும் வரை ஆளை அசைக்காமல், தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்திருந்தால் போதும். கட்டாயம் திருப்ப வேண்டுமென்றால் தலைக்கு ஒருவர், தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு ஒவ்வொருவர் என நாலு பேராவது வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் சொல்லுக்கு எல்லோரும் சேர்ந்து மரக்குற்றியை உருட்டுவதுபோல் உருட்ட வேண்டும். சட்டக் கட்டுரையில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். "விபத்தில் முறிந்தது உண்மை, ஆனால் நரம்பு போனது தூக்கிக்கொண்டு போனவர்களால்" என்ற வாதத்துக்கு அம்புலன்ஸ்காரர் எழுதும் முதல் குறிப்பு நல்ல பதில். அங்கேயே கால் விரல் அசைந்ததா இல்லையா என்பது அதில் இருக்கும்.

பொலிசில் பிழை நடக்கும் இடம் இணக்கக் கடதாசி. விபத்து நடந்த அன்று அல்லது மறுநாள், வாகனச் சேதத்தைக் காப்புறுதியில் எடுக்க அவசரப்படும் தரப்பு "இரு தரப்பும் இணங்கிவிட்டோம், மேலதிக நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கும். முதுகு நோவென்று வாட்டில் படுத்திருப்பவரின் சகோதரன் போய்க் கையெழுத்து வைத்துவிடுவார். பிறகு சி.டி. ஸ்கானில் முறிவு தெரியவரும். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவுப்படி கடுங்காயம். அதைச் சாதாரண இடிபாட்டுக் கணக்கில் முடிக்க இடம் கொடுக்கக் கூடாது. முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பதவி, எதிர் வாகனத்தின் இலக்கம், சாரதியின் அடையாள அட்டை இலக்கம், காப்புறுதிக் கம்பனியும் பொலிசி இலக்கமும்: இந்த ஆறும் ஒரு துண்டில் எழுதி வீட்டில் இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அதைப் பற்றியும் அன்றே பொலிசில் சொல்லிப் பதியுங்கள். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுச் சில நாளில் போய்விடும்.

வாட்டில் கவனிக்க வேண்டியது சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா என்பது. பொலிஸ் கொடுக்கும் பரிசோதனைப் படிவத்தை வைத்துத்தான் அவர் காயத்தை வகைப்படுத்துவார். நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கை அதிலிருந்து பிறக்கிறது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, நோயாளியை ஆதார வைத்தியசாலையில் இருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்கும், சில வேளை அங்கிருந்து கொழும்புக்கும் மாற்றும்போது அந்தப் படிவம் முதல் இடத்திலேயே நின்றுவிடுவது. இன்னொன்று, முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவது. கழுத்தும் மார்பும் சந்திக்கும் இடத்தைத் தோள்பட்டை மறைக்கும். ஒரு மட்டத்தில் முறிவைக் கண்டதும் இன்னொரு மட்டத்தில் இருப்பது கவனத்தில் இருந்து நழுவலாம். படிவத்தில் 'கடுங்காயம் அல்ல' என்று விழுந்திருந்தால், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. முடிவோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் மறுபடி போக வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டில் ஐந்து விசயம் இருக்கிறதா என்று பாருங்கள்: முறிவின் மட்டம், முறிவின் வகை, உறுதியானதா அல்லவா, நரம்பு நிலை ஏ (முழு இழப்பு) முதல் ஈ (சாதாரண நிலை) வரையான அளவில் எது, சலமும் மலமும் எப்படி. கடைசி இரண்டும் விடுபட்டிருந்தால் கிளினிக்கில் பணிவாகக் கேட்டு எழுதுவிக்கலாம்.

இனி உதவிகளுக்கு வருவோம்.

காப்புறுதிக் கம்பனியோடு நேரே பேசுவது பலருக்கும் இலகுவாகத் தெரியும் வழி. சட்டத்தரணிக்குக் காசில்லை, நீதிமன்றம் ஏறத் தேவையில்லை. உறுதியான வெட்ஜ் முறிவு (ஆப்பு வடிவில் நசுங்கியது), நரம்புக்கு ஒன்றுமில்லை, பிரேஸ் கழற்றி ஆறு மாதமாகி வேலைக்கும் திரும்பியாயிற்று என்றால் இந்த வழி பொருந்தும். மற்றவர்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். கையெழுத்துக் கேட்கும் கடதாசியில் 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதில் ஒப்பம் வைத்த பிறகு, ஒரு வருடம் கழித்து முள்ளந்தண்டு கூன் விழுந்து மறுபடி ஒப்பரேசன் என்றாலும் கேட்க வழியில்லை. நரம்புக் காயம் எவ்வளவு திரும்பும் என்பது முதல் ஆறு மாதத்தில் ஓரளவும், ஒரு வருடம் தாண்டித்தான் வடிவாகவும் தெரியும். மூன்றாம் மாதத்தில் வரும் காசோலை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், எதற்கான விலை என்று தெரியாமல் வாங்கும் காசு அது.

வைத்தியசாலை வாசலிலும் வாட்டிலும் வந்து "நான் எடுத்துத் தாறன், வாறதில் இத்தனை வீதம் தாங்கோ" என்று கதைக்கும் தரகர்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. டயக்னோசிஸ் கார்ட்டின் மூலப்பிரதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம். வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

தனியார் சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுவதுதான் நிரந்தரப் பாதிப்பு உள்ளவருக்கான முழுமையான வழி. யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று நீதிமன்றங்கள் பிரிந்திருப்பதால் விபத்து நடந்த இடமும் எதிராளி வசிக்கும் இடமும் முக்கியம். அந்த நீதிமன்றத்தில் கிழமைக்குக் கிழமை நிற்பவரைப் பிடிப்பது தவணைக் காசிலும் அலைச்சலிலும் மிச்சம்.

ஒரு சட்டத்தரணி விசயம் தெரிந்தவரா என்று பார்க்க நாலு இடத்தைத் தொட்டால் போதும். முதலாவது காலக்கெடு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் போக்குவரத்து வழக்கு நடந்துகொண்டிருப்பது இந்தக் கடிகாரத்தை நிற்பாட்டாது. "அந்த வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்று காத்திருந்துதான் பல குடும்பங்கள் உரிமையை இழக்கின்றன. அரச வாகனம், படை வாகனம், கடவையில் மோதிய புகையிரதம் என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பின்னரே வழக்குப் போடலாம். அங்கே கையில் இருக்கும் காலம் இன்னும் குறுகும்.

இரண்டாவது, காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல். வழக்குப் போடுவது சாரதி மேலும் அவரை ஓடவிட்டவர் மேலும். தீர்ப்புக் காசைக் கம்பனி கட்ட வேண்டுமென்றால் மோட்டார் வாகனச் சட்டப்படி வழக்கு பற்றிய அறிவித்தல் அவர்களுக்கு உரிய நேரத்தில் போயிருக்க வேண்டும். பிந்தினால் தீர்ப்பு கையில் இருக்கும், ஓட்டோ ஒன்றைத் தவிர வேறு சொத்தில்லாத சாரதியிடம் அதை அறவிட வேண்டிவரும். வழக்குப் போட முன்னமே பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பைலில் குத்தி வைப்பவர் நல்ல சட்டத்தரணி.

மூன்றாவது, உரிமையாளர் யார் என்பது. வாகனம் ஒருவர் பெயரில் இருப்பதால் மட்டும் அவர் பொறுப்பாளியாகிவிட மாட்டார். சாரதி அவருடைய வேலையாள், அல்லது அவருடைய தேவைக்காக ஓடினார் என்று காட்ட வேண்டும். இங்கே 'ஓப்பின் பேப்பரில்', அதாவது பதிவில் பெயர் மாற்றாமல், கைமாறிய மோட்டார் சைக்கிளும் வானும் ஏராளம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒருவர், காப்புறுதியில் இன்னொருவர், ஓடியது மூன்றாம் ஆள். லீசிங் இருந்தால் கம்பனியின் பெயரும் சேரும். இதைத் தொடக்கத்திலேயே தோண்டாமல் புத்தகத்துப் பெயரை மட்டும் எதிராளியாகப் போட்டால், இரண்டு வருடம் முடிந்த பிறகுதான் பிழை வெளிக்கும்.

நாலாவது, உங்கள் பக்கத்துப் பிழையைப் பற்றி அவர் எப்படிக் கதைக்கிறார் என்பது. ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் ஏறிப் போனது, வெளிச்சம் இல்லாத சைக்கிள்: 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி இவற்றால் நட்டஈடு குறையலாம், ஆனால் வழக்கே விழுந்துவிடாது. ஹெல்மெட் இல்லாததற்கும் எல் 1 முறிவுக்கும் தொடர்பில்லை என்று சொல்லத் தெரிந்தவர் மருத்துவப் பக்கமும் படித்திருக்கிறார் என்று அர்த்தம். "அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பொலிஸ் வரைபடத்தில் அது ஏற்கெனவே இருக்கும்.

கட்டணத்தை எழுத்தில் கேட்பதில் தப்பில்லை. வழக்குரை தயாரிக்க எவ்வளவு, முத்திரையும் செலவும் எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, வைத்திய நிபுணரைச் சாட்சிக்கு அழைக்கும் செலவு யாருடையது. கட்டிய ஒவ்வொரு காசுக்கும் துண்டு வாங்குங்கள்.

நட்டஈட்டுக் கணக்குத்தான் ஒரு சட்டத்தரணியின் வேலை உண்மையில் தெரியும் இடம். வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், வலி வேதனை என்று மூன்று வரி எழுதி ஒரு முழு எண்ணைப் போட்டால் அது கணக்கல்ல. எதிர்காலச் செலவை வீட்டுக்குள் வந்து பார்த்து எழுத வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் விறாந்தை நிலத்தில் இருந்து உயர்ந்திருக்கும். இரண்டு அடி உயரம் என்று வையுங்கள். சக்கர நாற்காலியை ஆள் தானே தள்ளி ஏற வேண்டுமென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சாய்தளம் வேண்டும், ஆக 24 அடி. முற்றத்தில் அவ்வளவு நீளம் இல்லாவிட்டால் இடையில் மடக்கிக் கட்ட வேண்டும். மலகூடம் வீட்டுக்கு வெளியே, கிணற்றடிக்கு அப்பால், குந்தியிருக்கும் வகை என்றால் உள்ளே கொமட் வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். கதவு அகலம் நாற்காலி நுழைய 32 அங்குலமாவது இருக்க வேண்டும். ஒழுங்கை மணலாக இருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

சலத்துக்குக் கதீட்டர் ஒரு நாளைக்கு 4 முதல் 6 தடவை. மாதம் 120 முதல் 180 தடவை. பஞ்சு, கையுறை, ஜெலி, அடிக்கடி வரும் சலத் தொற்றுக்கு மருந்து. படுக்கைப் புண் வராமல் இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க ஒரு ஆள். அந்த ஆள் மனைவி என்பதால் அவருடைய உழைப்புக்கு விலையில்லை என்று ஆகாது, அவர் விட்ட தையல் வேலையோ கடை வேலையோ கணக்கில் எழுதப்பட வேண்டும். காற்று மெத்தை, நாற்காலிக் குசன் இரண்டும் தேய்ந்து போகும் சாமான்கள், எத்தனை வருடத்துக்கு ஒன்று என்று போட வேண்டும். ஒப்பரேசனுக்கு ஸ்குரூவும் கம்பியும் வெளியில் வாங்கியிருந்தால் பில்லும் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் வேண்டும். பிரேஸ் பில் வழமையாகத் தொலைந்துவிடுகிறது. கடைக்குப் போய் மறுபிரதி கேளுங்கள். இந்தச் செலவுகளை அறிந்து கணக்கெழுத உதவக்கூடியவர்கள் வடக்கிலேயே இருக்கிறார்கள்: யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு நிலையமும், மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோரின் உயிரிழை அமைப்பும். அங்கே ஒருமுறை போய்க் கதைத்துவிட்டுச் சட்டத்தரணியிடம் வருவது நல்லது.

காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் இருக்கிறது, தகுதியுள்ளவருக்குச் சட்டத்தரணிக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட் பிரதி இவற்றோடு போக வேண்டும். வருமான வரம்பைத் தாண்டிவிடுவோம் என்று நினைத்து முன்னமே பின்வாங்க வேண்டாம். உழைத்தவரே படுக்கையில் இருக்கும்போது இன்றைய வருமானம் என்ன என்பதைத்தான் எழுதுவிக்க வேண்டும். இங்கே நோயாளியின் பக்கம் செய்ய வேண்டிய வேலை கூட. பல வகை வழக்குகளைப் பார்க்கும் அலுவலகம் என்பதால், மேலே சொன்ன வீட்டுக் கணக்கை நீங்களே பட்டியலிட்டுக் கொடுத்தால் வழக்குரை பலமாக வரும். முதல் நாளிலேயே விபத்துத் திகதியைச் சொல்லி, இரண்டு வருடம் முடியும் திகதியைப் பைல் மட்டையில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் மதிப்பீட்டில், கையில் தவணைக் காசு இல்லாமல் மலிவு விலைக்கு ஒத்துத் தீர்க்கப் பார்க்கும் குடும்பத்துக்கு இதுதான் முதல் வாசல்.

வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. லொறிக் கிளீனர், கட்டட வேலைக்கு டிராக்டரில் ஏற்றிப்போன கூலியாள், கடைக்குச் சாமான் கொண்டுபோன பொடியன்: இவர்கள் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கோரலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்தும் உள்ளடங்கும். இங்கே சாரதியின் பிழையை நிரூபிக்கும் பாரம் இல்லை. கிடைக்கும் தொகைக்கு உச்ச வரம்பு உண்டு. வேலை கொடுத்தவர் மேல் இரண்டு வழியிலும் கேட்க முடியாமல் போகலாம் என்பதால், இந்த நட்டஈட்டுக்குப் படிவம் நிரப்ப முன்னம் சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்படும் சாரதி காயப்பட்டவருக்கு நட்டஈடு கட்டும்படி நீதவான் உத்தரவிடலாம். தொகை சிறிது, முள்ளந்தண்டுக் காயத்துக்கு அது போதாது. ஆனால் அங்கே நடப்பதைக் கவனிக்காமல் விடக் கூடாது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போகும் நாளில் உங்கள் பக்கம் ஒரு சட்டத்தரணி நின்று, காயம் எப்படிப்பட்டது என்று சொல்லி, வழக்கேட்டின் சான்றுபடுத்திய பிரதி, பொலிஸ் வரைபடம், வாகனப் பரிசோதகரின் அறிக்கை மூன்றுக்கும் விண்ணப்பித்தால், மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு வேண்டிய பாதி கையில் வந்துவிடும்.

தானாகச் சறுக்கி விழுந்தவருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் ஒன்றும் வராது. பின்னால் ஏறியிருந்தவர், காரில் சும்மா கூடப் போனவர் என்றால் பொலிசியில் பயணிகளுக்கான காப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி தனியாக இருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விசயம். படுக்கையில் இருப்பவர் அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை. சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் ஒருவர் வீட்டுக்கோ வாட்டுக்கோ வந்து ஒப்பமிடுவிக்கலாம், சட்டத்தரணியை நியமிக்கும் நியமனப் பத்திரத்திலும் அங்கேயே கையெழுத்து வைக்கலாம். கழுத்து முறிவால் கை வேலை செய்யாதவரிடம் பெருவிரல் அடையாளம் எடுக்கலாம். எழுதியதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தியதாக அதில் ஒரு வரி இருக்க வேண்டும். சட்டத்தரணியின் அலுவலகம் மாடியில் இருந்து, "ஆளைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்று சொன்னால், பைலை வாங்கிக்கொண்டு வேறு ஒருவரிடம் போங்கள். முறிவு பொருந்தி வரும் முதல் மூன்று மாதத்தில் படிக்கட்டில் ஆளைத் தூக்கி ஏற்றுவது மருத்துவரீதியாகவே ஆபத்து.